இறக்கி வைக்க இடமில்லாத சாலை

நான் குற்றாலத்துக்குக் குளிக்க வரவில்லை. ஒரு கல் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல வந்தேன். இதை வெளியே சொன்னால் தங்க இடம் கிடைக்காது என்பது தென்காசியில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

"எத்தனை பேரு?" என்றார் லாட்ஜ்காரர்.

"நான் மட்டும்தான்."

"ஃபேமிலி பின்னால வருதா?"

"இல்லைங்க."

"அப்ப எதுக்கு வந்திருக்கிய?"

"ஒரு கல்லைப் பாக்கணும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். "தனி ஆளுக்கு ரூம் குடுக்கிறதில்ல அண்ணாச்சி. தப்பா நெனைக்காதிய. முந்தின சீசன்ல பக்கத்து லாட்ஜுக்கு ஒருத்தர் இப்படித்தான் தனியா வந்து..." என்று ஆரம்பித்துவிட்டு, தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மேற்கொண்டு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்த லாட்ஜில் கல்லைப் பற்றி வாய் திறக்கவில்லை. அங்கேயும் இல்லை என்றார்கள். வெளியே வந்து நின்றேன். மழை பெய்யவில்லை, ஆனால் நனைந்துகொண்டிருந்தேன். மலைப் பக்கமிருந்து காற்றோடு சேர்ந்து வருகிற இந்தத் தூறலைச் சாரல் என்கிறார்கள். இதற்காகத்தான் ஊர் ஊராகக் கிளம்பி வருகிறார்கள். எல்லாரும் கூட்டமாக வருகிறார்கள்.

கல் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கஜகஸ்தானில் சாலை போடும் முகாம் ஒன்றில் நான் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் கணக்கு வராமல் வெளியே வந்தவன் நான். நாகப்பட்டினம் பக்கம் ஊர். அங்கே இப்போது யாரும் இல்லை. லாரி ஓட்டத் தெரியும் என்பதால் போகிற இடத்தில் எல்லாம் சாப்பாடு கிடைத்துவிடுகிறது. முகாம் வாசலில் பெரிய பலகை ஒன்று உண்டு. ஒரு பாதி முழுக்க ஒட்டகங்கள், தலைப்பாகை கட்டிய வியாபாரிகள். மறுபாதியில் அதே பாதையில் கன்டெய்னர் லாரிகள். பட்டும் மிளகும் போன பழைய வழியைப் பல நாட்டுப் பணத்தில் மறுபடி போடுகிறோம் என்று பல மொழியில் எழுதியிருக்கும். நான் அதன் அடியில்தான் லாரி கழுவுவேன்.

அந்த முகாமில் மாடசாமி பொக்லைன் ஓட்டினான். செங்கோட்டைக்கு இந்தப் பக்கம், கிளை ரோடு பிரிகிற ஒரு விலக்குதான் அவன் ஊர். பலகையைப் பார்த்து அவன் சொன்னது இது: "எங்க ஊர் ரோடும் இதே கதைதாம் ஓய். ஒட்டகத்துக்குப் பதிலா பொதிமாடு. உப்பும் கருவாடும் துணியும் மலை ஏறி ஆரியங்காவு வழியா கொல்லத்துக்குப் போகும். மிளகு இந்தப் பக்கம் வரும். பலகை வைக்கத்தான் ஆள் இல்ல."

பிறகு பலகை வைக்கவும் ஆள் வந்துவிட்டார்கள். கேரளக் கடற்கரையில் பெரிய கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் வந்தது. மலை தாண்டிப் போகும் ரோட்டை அகலப்படுத்தும் வேலை தொடங்கியிருப்பதாக மாடசாமிக்கு ஊரிலிருந்து யாரோ போட்டோ அனுப்பினார்கள். போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம், அந்த ரோட்டு ஓரத்தில் அவன் மனைவி பூமாரியின் சுமைதாங்கி இருந்தது.

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோகிற பெண்ணுக்காகச் சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கமும் உண்டு. இரண்டு கல்லை ஊன்றி, மேலே ஒரு கல்லைக் கிடையாகப் போடுவார்கள். தோள் உயரம் இருக்கும். தலைச்சுமையோடு தனியாகப் போகிறவன், கைகொடுக்க ஆள் இல்லாமலே சுமையை அதில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கிளம்பும்போது அப்படியே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். தன் சுமையை இறக்காமலே போய்விட்டவளுக்கு, மற்றவர்கள் இறக்கி வைக்க வைக்கப் பாரம் குறையும் என்பது நம்பிக்கை. நான் பார்த்த சுமைதாங்கிகள் எல்லாம் பாட்டன் காலத்துக் கல். மாடசாமி நட்டது புதுசு. பூமாரி போனபோது அவன் வேறொரு நாட்டில் வேறொரு சாலை போட்டுக்கொண்டிருந்தான். அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தான். வந்தவன் செய்த ஒரே காரியம் அந்தக் கல்.

எனக்கு விடுப்பு கிடைத்தபோது பைக்குள் ஒரு கம்பளிச் சால்வையைத் திணித்தான். அங்கே வழியோரச் சந்தையில் வாங்கியது. "இதைக் கல்லு மேல போத்திட்டு ஒரு போட்டோ அனுப்பு. கல்லு நிக்குதா இல்லையான்னு மட்டும் சொல்லிரு. நிக்கலேன்னா எனக்கு அங்கன வர்றதுக்கு ஒண்ணும் இல்ல. இங்கனயே நீட்டிக் கையெழுத்துப் போட்டுருதேன்."

அவன் ஒப்பந்தம் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நான் தென்காசியில் இறங்கியது புதன்கிழமை.

அன்று குற்றாலத்தில்தான் தங்க இடம் கிடைத்தது. சீசனுக்குக் கல்யாண மண்டபம் ஒன்றில் பாய் வாடகைக்கு விடுகிறார்கள். பையை வைக்க இடம் உண்டா என்று கேட்டேன். "பாய்க்குத்தான் நாங்க பொறுப்பு, பைக்கு நீங்கதான் பொறுப்பு" என்றார் மண்டபத்துக்காரர். ஆகவே பையோடு ஐந்தருவிக்குப் போனேன். வழியெல்லாம் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்தார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் பெஞ்சு போட்டுக் கூப்பிட்டார்கள். ஈரத் துணியும் நல்லெண்ணெயும் மிளகாய் பஜ்ஜியும் கலந்த வாசனை.

அருவியில் குளிக்க வேண்டுமென்றால் பையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இந்தச் சின்ன விஷயம் கூட்டமாக வருகிறவர்களுக்குத் தெரியாது. துண்டுகளையும் செருப்புகளையும் காவல் காத்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன்.

"பையைக் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா? ரெண்டே நிமிஷம்."

"உள்ள என்ன இருக்கு?"

"துணிதான். ஒரு சால்வை."

அந்த அம்மா அருவிப் பக்கம் திரும்பி, "ஏட்டி, அப்பாவை வரச் சொல்லு" என்று குரல் கொடுத்தார். அப்பா தலையில் எண்ணெயோடு வந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அருவி நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அதில் நின்றவர்கள் போட்ட சத்தத்தைக் கேட்டால் அடி வாங்குகிறவர்கள் என்று தோன்றும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். முகத்தில் தெறித்ததைத் துடைத்துக்கொண்டேன். அதுதான் என் குளியல்.

சாயங்காலம் பரோட்டாக் கடையில் மூன்று முறை இடம் மாறினேன். உட்கார்ந்து இலை போட்டதும் ஒரு குடும்பம் வரும், கடைக்காரர் என்னிடம் வருவார். "அண்ணாச்சி, நீங்க ஒத்தை ஆளு, அந்த ஓரத்துக்குப் போயிருதியளா?" கடைசியில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பரோட்டாவைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மிளகு தூக்கலான கோழி. கஜகஸ்தானில் ரொட்டியும் குதிரைக்கறியும் சாப்பிட்டுப் பழகிய நாக்கு அழுதுவிட்டது. அங்கே ஒன்று உண்டு. எந்தக் கடையில் போய்த் தனியாக உட்கார்ந்தாலும் பக்கத்து மேஜைக்காரன் தன் ரொட்டியைப் பிய்த்து நீட்டுவான். பாஷை தெரியாது, பெயர் கேட்கமாட்டான். தனியாக வந்தவன் என்றால் தூரத்திலிருந்து வந்தவன் என்று அங்கே அர்த்தம். இங்கே வேறு அர்த்தம்.

மறுநாள் காலை செங்கோட்டை பஸ் ஏறினேன். மாடசாமி சொல்லிக்கொடுத்தபடி, "சுமைதாங்கி ஸ்டாப் ஒண்ணு" என்றேன்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் நின்றார். "அந்த ஸ்டாப் இப்ப இல்லையே அண்ணாச்சி."

"கல் இல்லையா, ஸ்டாப் இல்லையா?"

"நான் ஸ்டாப்பைத்தான் சொல்லுதேன். கல்லை யாரு பாத்தா? ரோட்டு வேலை நடக்கு. வண்டி புதுப் பாதையில போயிரும். தாண்டி எறக்கி விடுதேன், பின்னால நடந்துருங்க."

அவர் சொன்ன 'தாண்டி' நிஜமாகவே நல்ல தாண்டல். டிரைவர் நிறுத்த மறந்து, கண்டக்டர் விசிலை ஊதி, வண்டி ஒரு மேட்டில் போய் நின்றது. இறங்கித் திரும்பி நடந்தேன். புதிதாகப் போட்ட சாலை. கறுப்பாக, ஈரமாக, வானம் தெரிகிற மாதிரிக் கிடந்தது. நடுவில் இடுப்பு உயரத்துக்குச் சிமென்ட் சுவர். ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளம். இரண்டுக்கும் நடுவே வண்டிகள். மனிதன் காலை வைக்க என்று ஓர் இடத்தை யாரும் யோசித்திருக்கவில்லை. நானும் சாலை போட்ட ஆள்தான், அங்கேயும் இப்படித்தான் போட்டோம். போடும்போது தோன்றாதது நடக்கும்போது தோன்றுகிறது.

ஜல்லி ஏற்றிய லாரிகள் மலைப் பக்கம் போய்க்கொண்டே இருந்தன. வைக்கோல் லாரிகள் வீடு நகர்வதுபோல அசைந்து போயின. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த ஒரு லாரி எனக்குச் சற்று முன்னால் போய் நின்றது. டிரைவர் தலையை நீட்டி மலையாளத்தில் பேசினார்.

"உன் வண்டி எங்கே பழுதாகி நிற்கிறது?"

"வண்டி இல்லை. நடந்துதான் வருகிறேன்."

"எங்கிருந்து?"

கையைக் காட்டினேன். "பைத்தியமா உனக்கு? இது நடக்கிற ரோடு இல்லை. ஏறு" என்றார். ஏறினேன். கேரளாவில் கோழித் தீவனம் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறாராம். ரோடு முழுதாக முடிந்துவிட்டால் துறைமுகத்தில் ஏற்றியதை மதுரை வரை ஓர் இடத்திலும் நிறுத்தாமல் கொண்டுவந்துவிடலாம் என்றார். "டீக்குக்கூட நிறுத்த வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒரு டீக்கடை தெரிந்ததும் நிறுத்தினார். பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி வாங்கி எனக்கும் ஒன்று கொடுத்தார். நான் தேடி வந்த விலக்கு அதுதான்.

டீக்கடைக்காரர் பெயர் சண்முகம். ரோட்டுக்காகக் கடையைப் பின்னால் தள்ளிக் கட்டியிருந்தார். புதுத் தகரத்தில் சாரல் விழுந்து சடசடத்தது. லாரி போன பிறகு அவரிடம் பூமாரியின் கல்லைக் கேட்டேன்.

"நீங்க யாரு?"

"மாடசாமியோட வேலை செய்றவன். அவன்தான் பாத்துட்டு வரச் சொன்னான்."

"அவன் நல்லா இருக்கானா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் ரோட்டைக் காட்டினார். "அந்தா, வெள்ளைக் கோடு வளையுது பாருங்க. அங்கனதான் நின்னுச்சு. இப்ப அதுக்கு மேலதான் லாரி போவுது."

"இடிச்சுட்டாங்களா?"

"மிஷின் வர்றதுக்கு முந்தியே காணும். ஒரு நா காலம்பற கடையைத் திறக்கேன், மூணு கல்லும் இல்ல. குழிதான் கெடக்கு. ரோட்டுக்காரங்க வந்து என்கிட்ட கேக்குதாங்க, எங்க அதுன்னு. அவங்க பாவம், ஓரமா எடுத்து நட்டுக் குடுக்கதா சொல்லிட்டுப் போயிருந்தாங்க."

"அதுல யாராவது சுமை இறக்கி வைப்பாங்களா?"

சண்முகம் சிரித்தார். "யாரு வே இந்த ரோட்டுல சுமையோட நடக்கா? நடந்து வந்தவரு நீங்க ஒருத்தர்தான். போஸ்டர் ஒட்டுவானுவ. பைக்கை நிறுத்திட்டு ஹெல்மெட்டை மாட்டுவானுவ. சாயங்காலமானா நாலு பேரு கிளாசை வச்சுக் குடிப்பானுவ. பூமாரி அண்ணன் கோமதிநாயகம் அன்னைக்கே தலையில அடிச்சுக்கிட்டான். நடக்கிற ஆளே இல்லாத ரோட்டுல சுமைதாங்கி எதுக்குலேன்னு. மாடசாமி கேக்கல. ரோடுன்னா நடமாட்டம் இருக்கும்னான். பெரிய சண்டை. அன்னையோட ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல."

கோமதிநாயகத்தின் பெயரை மாடசாமி என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். அவன் கிட்ட மட்டும் போகாதே என்று.

சாலை வேலைக்காரர்கள் தோண்டி எடுத்த கற்களை ஓர் ஓரத்தில் குவித்திருந்தார்கள். பழைய மைல்கல், வரப்புக் கல், பாலத்துக் கல். அதில் தேடினேன். பீகாரிலிருந்து வந்த இரண்டு பேர் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன தேடுகிறாய் என்று இந்தியில் கேட்டார்கள். முகாமில் கற்ற இந்தியில், என் நண்பனுடைய மனைவி பெயர் வெட்டிய கல் என்றேன். ஒருவன் மற்றவனிடம், "இவனும் நம்மைப் போல வெளியூர்க்காரன்தான்" என்றான். இரண்டு பேரும் எழுந்து வந்து என்னோடு சேர்ந்து கல்லைப் புரட்டினார்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. எழுத்து இருந்த கல்லையெல்லாம் தூக்கிக் காட்டினார்கள். பஞ்சாயத்து எல்லைக் கல் கிடைத்தது. பூமாரி கிடைக்கவில்லை.

அப்போதுதான் போனில் மாடசாமியின் செய்தி வந்தது: 'நிக்குதா?'

போனைப் பைக்குள் போட்டேன். கஜகஸ்தானில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. புல்வெளியில் நாங்கள் போட்டுக்கொண்டிருந்த பாதையில் ஒரு பழைய சமாதி குறுக்கே வந்தது. குதிரைகளில் கிழவர்கள் வந்து அதன் முன்னால் நின்றார்கள். என்ன செய்வது என்று மேலே இருப்பவர்கள் போனில் பேசிக்கொண்டிருந்தபோதே மாடசாமி பொக்லைனை அணைத்துவிட்டு இறங்கிவிட்டான். வரைபடத்தில் நேராக இருந்த சாலை இன்று அந்த இடத்தில் கொஞ்சம் வளைந்து போகிறது. அந்த ஊர் டிரைவர்கள் அதைத் தாண்டும்போது இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவிக்கொள்வார்கள்; அது அவர்கள் கும்பிடு. அந்த வளைவை வாங்கிக்கொடுத்தவனுக்கு அவனுடைய கல் இல்லை என்று எப்படி எழுதுவது?

எழுதவில்லை. மண்டபத்துக்குத் திரும்பி, பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். பக்கத்துப் பாயில் ஒரு குடும்பம் நேந்திரம் சிப்ஸ் தின்றுகொண்டு, மறுநாள் எந்த அருவி என்று சண்டை போட்டது. பழைய அருவியா, ஐந்தருவியா என்ற வழக்கு தீர்வதற்குள் தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பாவூர்சத்திரம் போனேன். மாடசாமி சொல்லை மீறி கோமதிநாயகத்தைத் தேடித்தான். அவர் அங்கே காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன் என்று சண்முகம் சொல்லியிருந்தார்.

இந்த மார்க்கெட்டைப் பார்த்த பிறகு முகாம் பலகையில் இருந்த ஒட்டகங்கள் எனக்குப் படமாகத் தெரியவில்லை. பஸ்ஸின் மேலேயும் உள்ளேயும் மூட்டைகளோடு விவசாயிகள் வந்து இறங்கினார்கள். கேரள லாரிகள் வாயைத் திறந்து வரிசையில் நின்றன. ரோடு எவ்வளவு அகலமானாலும், வெளிநாட்டிலிருந்து எவ்வளவு பணம் வந்தாலும், கமிஷன் கடைக்கும் லாரிக்கும் நடுவே இருக்கிற அந்தக் கொஞ்ச தூரத்தை மனிதன்தான் கடக்கிறான். தலையில் சும்மாட்டுத் துணியைச் சுருட்டி வைத்து, அதன் மேல் மூட்டையை ஏற்றி, சேற்றில் ஓட்டமும் நடையுமாக. "ஏலே வழி விடுலே!" "கண்ணு பிடரியிலயா இருக்கு?" "அண்ணாச்சி, பையைச் சுருக்குங்க, மூட்டை இடிக்கு!" என் பை எல்லார் மேலும் இடித்தது.

கல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை. கமிஷன் கடைகளிலிருந்து லாரிகளுக்குப் போகும் வழியின் பாதியில், ஒரு வேப்ப மரத்தடியில் அது நின்றது. கிடைக்கல்லின் மேல் வரிசையாக மூன்று மூட்டைகள். கீழே மூன்று லோடுமேன்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பீடி பற்றவைத்தான். ஒருவன் மூட்டையை நோக்கித் தலையைக் கொடுத்து, முட்டி மடக்கி, யார் கையும் இல்லாமல் தூக்கிக்கொண்டு போனான். அவன் எடுத்த இடத்தில் பூமாரி என்ற பெயர் தெரிந்தது. எழுத்துக்குள் பச்சை மிளகாய்க் காம்பு சிக்கியிருந்தது.

அடுத்த மூட்டை வந்து பெயரை மூடியது. முருங்கைக்காய்க் கட்டு. கொண்டுவந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், கழுத்து தொடை மாதிரித் திரண்டிருந்தது. பீடிக்காரன், "கோமதியண்ணே, உம்மைத்தான் தேடுதாரு போல" என்றான். நான் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றது அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"எந்தக் கடை?" என்றார் கோமதிநாயகம்.

"கடை இல்லை. மாடசாமி அனுப்பினான்."

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்து முடித்தார். "ஏன், அவனுக்கு வாய் இல்லையாமா?"

"கல் நிக்குதான்னு பாத்துச் சொல்லச் சொன்னான்."

"நிக்குது. பாத்தாச்சுல்லா? போங்க."

நான் போகவில்லை. எனக்குப் போக இடம் எதுவும் இல்லாதது அந்த நேரத்தில் வசதியாக இருந்தது. "ஏன் அவன்கிட்ட சொல்லலை? அங்கே அவன் சாப்பிடாம கெடக்கான்."

"சொல்லணுமோ?" குரல் ஏறிற்று. பீடிக்காரன் பீடியைக் கீழே போட்டான். "என் தங்கச்சி வயித்தைத் தூக்கிக்கிட்டு நடக்க முடியாம நடந்தா. இவன் எவன் ஊருக்கோ ரோடு போட்டுக்கிட்டிருந்தான். வந்து கல்லு நடுதான், எங்கன? காக்கா கூட நடக்காத இடத்துல. ஒருத்தனாவது ஒரு கட்டு விறகை இறக்கியிருப்பானா அதுல? இத்தனை வருசமா அவ எறக்க முடியாம நின்னுக்கிட்டு இருந்தா, தெரியுமா ஓய்? பிராந்திக் கிளாசை வச்சானுவ அவ மேல." மூச்சு வாங்கினார். "ரோட்டுக்காரன் ஓரத்துல நட்டுத் தாரேன்னான். ஓரத்துல மட்டும் எவன் நடக்கான்? நாங்க நாலு பேரு டெம்போவைக் கொண்டுபோய்த் தூக்கிட்டு வந்துட்டோம். இங்கன பொழுது விடிஞ்சா சுமை. ஒரு நாளைக்கு எத்தனை பேரு இறக்குதான்னு அவளுக்கே கணக்கு இருக்காது."

பீடிக்காரன் மெதுவாகச் சொன்னான்: "ஓணம் சமயத்துல அக்காவுக்குத் தூங்கவே நேரம் இருக்காது, சார்."

பையைத் திறந்து சால்வையை எடுத்தேன். ஒட்டக நிறக் கம்பளி, ஓரத்தில் சிவப்புப் பூ வேலை. கோமதிநாயகம் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதை எதுக்குக் குடுத்துவிட்டான்?"

"கல்லு மேல போத்தச் சொன்னான்."

"கோட்டிக்காரப் பய. இந்த ஊர் வேக்காட்டுல கம்பளியா? அவளுக்கு ஃபேன் இல்லாம ஒரு நிமிசம் இருக்க முடியாது." ஆனால் சால்வையைத் திருப்பித் தரவில்லை. மூட்டைகளைத் தள்ளி வைத்துவிட்டு, மடித்து, பெயருக்குப் பக்கத்தில் வைத்தார். காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஏதாவது பாரம் வேண்டும். சுற்றும்முற்றும் பார்த்தார். "அந்தப் பையை ஏன் இன்னும் சுமந்துக்கிட்டு நிக்கிய? இதுக்கு மேல வைங்க."

வைத்தேன்.

பிறகு போனை எடுத்து மாடசாமிக்கு வீடியோ கால் போட்டேன். உடனே எடுத்தான். பின்னால் வெளிறிய வானம், காற்று. முகாம் ஆபீஸ் வாசலில் நின்றான். உள்ளே மேஜையில் ஒருவர் காகிதங்களோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"ஏன் பதில் போடல? இல்லையா? சொல்லிரு ஓய்."

 போனைக் கல்லின் பக்கம் திருப்பிப் பிடித்தேன். கோமதிநாயகம் அங்கிருந்து நகர்ந்துவிட்டார். போனில் பேசமாட்டார் என்று நினைத்தேன். ஒரு வெங்காய மூட்டை வந்து இறங்கியது. ஒரு பூசணிக்காய் மூட்டை கிளம்பியது. கத்திரிக்காய் வந்தது.  லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். மாடசாமி கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது எந்த இடம்?" என்றான் கடைசியில்.

"மார்க்கெட். பாவூர்சத்திரம்."

அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோமதிநாயகம் வந்தார். தலையில் மூட்டை. மற்ற யாரும் தூக்காத அளவு. கல்லின் முன்னால், போனுக்கு நேராக வந்து நின்றார். இறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஏ மாப்ளே," என்றார். "தக்காளி. கனம் சாஸ்தி."

போனில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. கோமதிநாயகத்தின் தலையில் மூட்டை லேசாகச் சாய்ந்தது. பீடிக்காரன் கைகொடுக்க ஓர் அடி வைத்தான். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார்.

"இறக்கி வையி மச்சான்," என்றான் மாடசாமி.  "மெதுவா. மெதுவா இறக்கி வையி."

மூட்டை கல்லில் உட்கார்ந்தது.

"வச்சாச்சு. எப்ப வார?"

மாடசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டான். இரண்டு உள்ளங்கையாலும், அந்த ஊர்க்காரர்களைப் போல. "ஓணத்துக்கு லோடு நிறைய வருமே. ஆளு வேணுமா?"

"வேணும். ஆனா நீ மிஷின்ல உக்காந்தே வளந்தவன். கழுத்து நிக்குமா பாப்போம்."

பின்னால் மேஜையிலிருந்தவர் காகிதத்தை நீட்டி மாடசாமியைக் கூப்பிட்டார். அவன் திரும்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். லைன் கட்டானது.

டீ சொன்னார்கள். ரசவடை சொன்னார்கள். என்ன ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். பிள்ளைகள் இல்லை என்றதும் இன்னொரு வடை வைத்தார்கள். குற்றாலத்தில் குளித்தீர்களா என்று கோமதிநாயகம் கேட்டார். பையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் குளிக்கவில்லை என்றேன். அவர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அது இங்கன கெடக்கட்டும். அவ மேல இருக்கிறதை ஒருத்தனும் தொட மாட்டான். போய் நல்லா நின்னு குளிச்சிட்டு வாங்க."

துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது என் பைக்கு ஒரு பக்கம் தக்காளியும் மறுபக்கம் முருங்கைக்காயும் இருந்தன. தென்காசி பஸ்ஸில் நல்ல கூட்டம். படிக்கட்டில் ஏறும்போது, பை யார் மேலும் இடிக்காமல் இருக்க, பழக்கத்தில் தோளை ஒரு பக்கம் சாய்த்தேன். தோளில் ஒன்றும் இல்லை.